கையெழுத்துப் போட இங்கே ஆள் இல்லை

காலையில் பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஒரு நோட்டீஸ் மடியில் விழுந்தது. வழுவழுப்பான தாள். குற்றாலத்தில் மூன்று நாள் முகாம். ‘நான் யார் என்று அறிவோம்’ எனக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஏசி அறை, மூன்று வேளையும் சைவச் சாப்பாடு, விடியற்காலையில் அருவிக் குளியல். கீழே ஒரு பெண்ணின் படம். கண்ணை மூடிக்கொண்டு பல் தெரியாமல் சிரிக்கிறாள். புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. தன்னை அறிந்தவள் இப்படித்தான் இருப்பாள் என்று யாரோ முடிவு செய்து படம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு வந்தது பாருங்கள் கோபம். தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு எழுந்துபோய் எடுத்து நீவி வைத்தேன். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் விரிக்க ஆகும். எவ்வளவு கோபத்திலும் தாளை வீணாக்காதது ஆபீஸ் வேலை தந்த பழக்கம்.

நீவும்போது அந்த மை வாசனை. இப்போதைய அச்சு மைக்கு அவ்வளவு வாசனை கிடையாது என்று என் மகள் சொல்கிறாள். என் மூக்குக்கு அது டைப்ரைட்டர் ரிப்பன் வாசனையாகத்தான் வருகிறது. ரிப்பன், அதன் பின்னால் கார்பன் தாள், அதன் பின்னால் கஞ்சி போட்ட சட்டை. அந்தச் சட்டைக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்த்தார்கள். அந்த மரியாதை போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, வாய்தான் இன்னும் பழகவில்லை.

அவர் தென்காசியில் கோர்ட்டில் காப்பியிஸ்ட். தீர்ப்புகளைப் பார்த்து நகல் எழுதுகிற வேலை. முத்து முத்தான கையெழுத்து. ஒரு பக்கத்தில் ஓர் அடித்தல் இருந்தாலும் கிழித்துவிட்டு மறுபடி எழுதுவார். சட்டைக்குத் தானே கஞ்சி போடுவார். நான் போட்டால் கட்டிதட்டுகிறது என்று குறை. அதிர்ந்து பேச மாட்டார். கல்யாணமான புதிதில், கோபக்காரியான எனக்கு இப்படி ஒரு சாதுவா என்று என் பக்கத்து ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். நான் ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்காரியின் சிலேட்டை அவள் தலையிலேயே உடைத்தவள். என்ன காரணம் என்று இன்று நினைவில்லை. காரணம் சரியானதாகத்தான் இருந்திருக்கும்.

அவருக்குப் புத்தகப் பித்து உண்டு. முதலில் துப்பறியும் கதைகள், பிறகு ஜோசியம், அதற்கும் பிறகு வேதாந்தம். மெல்லிய புத்தகங்களாக வாங்கி வந்து அடுக்குவார். ‘நான் என்பதே இல்லை, அது வெறும் நினைப்பு’ என்று எல்லாவற்றிலும் ஒரே சேதி. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் தன் முழுப் பெயரையும் வளைத்து எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, ஒரு புள்ளியும் வைத்திருப்பார். நான் இல்லை என்று சொல்கிற புத்தகம் தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஐம்பதுகளின் பின்பாதி. ஆனி மாதம். அந்த வருஷம் சாரல் நேரத்தோடு பிடித்துவிட்டது. தென்காசிக் கோயிலின் பெரிய கோபுரம் அப்போது பிளந்து மொட்டையாக நின்றது. வாசலில் நுழைந்தால் மேற்கிலிருந்து வருகிற காற்று ஆளையே பின்னுக்குத் தள்ளும். ஊரே அந்தக் காற்றில் கிறுகிறுத்துக் குற்றாலத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சொதி வைத்திருந்தேன். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் அவருக்கு உயிர். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “குத்தாலம் வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றார். சாரல் மாதத்தில் தென்காசிக்காரர் அப்படிச் சொன்னால் யாரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். நானும் கேட்கவில்லை. எங்கள் கோமதிக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப் பார்த்தாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் துறந்தார். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லும்போதெல்லாம் ஆட்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கோர்ட்டிலிருந்து பியூன் வந்து, அவர் வேலையை விட்டுவிட்டதாக எழுதி அனுப்பிவிட்டார் என்று சொன்னான். எனக்கும் ஒரு கடிதம் தபாலில் வந்தது. ‘என்னைத் தேட வேண்டாம். நான் யார் என்று பார்க்கப் போகிறேன்.’ ஒரு பிழை கிடையாது, அடித்தல் கிடையாது. ஒருவேளை இரண்டு மூன்று தாளைக் கிழித்துவிட்டு நல்ல பிரதியை எனக்கு அனுப்பியிருப்பார்.

ஐந்தருவிக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோப்பு, அதற்குள் ஓர் ஓட்டுக் கட்டிடம், அதில் ஒரு சாமியார், அவரைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். அங்கேதான் இருக்கிறார் என்று ஒரு மாதத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவருடைய அண்ணன் செங்கோட்டையிலிருந்து வந்து, “பெரிய காரியத்துக்குப் போயிருக்கான், நீ அழுது அதைக் கெடுத்துராத” என்று புத்தி சொன்னார். நான் அழவே இல்லை. நான் அழுதிருந்தால் அவர் இன்னும் நன்றாகப் பேசியிருப்பார்.

சுரண்டையிலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தாள். பத்தொன்பது வயதில் தாலியறுத்தவள். வெள்ளைச் சீலைக்காரி. எங்கள் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் இருந்தவள் ஒரு துணி மூட்டையோடு வந்து, என்னை ஒன்றும் கேட்காமல், அடுப்படிக்குள் போய் உலை வைத்தாள். சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். “எனக்காவது செத்துப் போனாரு, ஒரேயடியா அழுது முடிச்சேன். ஒனக்கு உசுரோட இருக்காரு. நீ எதைன்னு அழுது முடிப்ப?” அக்கா அதிகம் பேச மாட்டாள். பேசினால் அது இப்படி இருக்கும்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்திருந்தேன். அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ரத வீதியில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். பெண்கள் நாங்கள் மூன்றே பேர். என் விரல் தட்டுகிற வேகத்தைப் பார்த்து மெஷின் தாங்காது என்றார்கள். ஒவ்வொரு எழுத்தும் ஒருவர் மூஞ்சி என்று நினைத்துத்தான் தட்டினேன். அரசாங்கத்தில் தமிழ் டைப்ரைட்டர் நுழைந்துகொண்டிருந்த காலம்; அதைத் தட்ட ஆள் கிடைக்காமல் இருந்தது. ஒரு வருஷத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை வந்தது.

வேலை வந்த இடத்தில் ஒரு தாளும் வந்தது. கல்யாணமான பெண் என்பதால் கணவர் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஹெட் கிளார்க் நல்ல மனிதர், எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “சட்டத்துல இருக்கா இல்லையான்னு கேக்காதீக. அதிகாரி கேக்குதாரு. வாங்கிட்டு வந்துருங்க, அடுத்த திங்கக்கிழமைக்குள்ள.” புருஷன் செத்தவளாக இருந்தால் அந்தத் தாள் தேவையில்லை. கல்யாணமே ஆகாதவளாக இருந்தாலும் தேவையில்லை. என்னைப் போல ஒருத்திக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

சனிக்கிழமை மதியம் குற்றாலம் பஸ் ஏறினேன். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்த உடம்புகளும் ஈரத் துணியும் வேர்க்கடலையும் சேர்ந்த வாடை. எல்லார் முகத்திலும் சிரிப்பு. எனக்கு ஒவ்வொருவரையும் அறைய வேண்டும் போல இருந்தது. இறங்கி நடந்தேன். பொடிச்சாரல் விழுந்துகொண்டே இருந்தது. தாளை நாலாக மடித்து, ஒரு எண்ணெய்த்தாளில் சுற்றி, இடுப்பில் செருகியிருந்தேன்.

தோப்பில் பலாமரங்கள். கட்டிடத்தின் முன்னால் ஓர் ஆறேழு ஆண்கள் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை மூடாமல் இருந்தது ஒரே ஒருவர். சொளகில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவர். அவர்தான் சாமியார் என்று பிறகு தெரிந்தது. செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்து ஆள், பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். “இரி மோளே” என்று ஒரு பலகையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வரிசையில் மூன்றாவதாக என் வீட்டுக்காரர். தாடி வைத்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். வேட்டியில் மட்டும் கஞ்சி மடிப்பு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் விட்டவர் கஞ்சியை விடவில்லை.

முன்னால் போய் நின்றேன். கண்ணைத் திறந்து பார்த்தார்.

“ஒண்ணும் கேட்டு வரல,” என்றேன். “வேலை கெடைச்சிருக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் போயிருதேன்.”

நீட்டிய தாளை அவர் வாங்கவில்லை. மெதுவாகச் சொன்னார். “கையெழுத்துப் போட இங்கன ஆள் இல்லை.”

“பின்ன இப்பப் பேசுதது யாரு?”

“அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

சொளகுச் சத்தம் நின்றது. சாமியார் நிமிர்ந்து, “வே, ஒரு ஒப்பல்லே அவ கேக்குதா. இட்டுக் கொடும்” என்றார். ஒப்பு என்றால் அவர் பேச்சில் கையெழுத்து. குருவே சொல்கிறார். இவர் அசையவில்லை. குருவை விடப் பெரிய துறவியாகிவிட்டார். திரும்பக் கண்ணை மூடப் போனார்.

“கோமதி நல்லாருக்காளான்னு நீங்களாக் கேப்பியன்னு நெனச்சேன்,” என்றேன்.

அதற்கும் அதே மெதுவான குரல். “ஒனக்குக் கோபம் வருது. யாருக்கு வருதுன்னு பாரு. பாத்தாப் போயிரும்.”

சாமியார் எழுந்து வந்து, ஒரு தேக்கிலையில் நாலு பலாச்சுளையை வைத்துப் பிள்ளைக்குக் கொண்டுபோ என்று நீட்டினார். வாங்காமல் திரும்பிவிட்டேன். அந்தக் கிழவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எனக்காக ஒரு வார்த்தை பேசியவர். அந்தச் சுளையை நான் வாங்கியிருக்க வேண்டும்.

தோப்புக்குக் கீழே ஓர் ஓடை. அதைத் தாண்டிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். காது கொதித்தது. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. வலது உள்ளங்கையில் ஒரு தினவு, சிலேட்டை உடைத்த அன்று இருந்தது போல. அவர் சொன்ன வாக்கியம் மீன்முள்ளாகத் தொண்டையில் நின்றது. யாருக்கு வருதுன்னு பாரு. சரி, பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். ஞானம் வேண்டும் என்று பார்க்கவில்லை. அவர் சொன்னது பொய் என்று நிரூபிப்பதற்காகப் பார்த்தேன். கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற வெறி.

யாருக்குக் கோபம்? அவர் மனைவிக்கு. அவர்தான் அந்த மனைவியை இல்லையென்று ஆக்கிவிட்டாரே. அப்படியும் கோபம் இருந்தது. கோமதியின் தாய்க்கு. கோமதி பிறப்பதற்கு முன்னாலும் நான் கோபக்காரிதான். இந்த உடம்புக்கா என்றால், தாடை வலிப்பது தெரிந்தது, காது கொதிப்பது தெரிந்தது. அவை எனக்கு எதிரில் இருந்தன, ஓடையும் பாறையும் இருக்கிற மாதிரி. கோபத்தையே பார்த்தேன். அதுவும் எதிரில்தான் இருந்தது. சிவந்து, கெட்டியாக, ஒரு குறையும் இல்லாமல். அப்படியானால் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது எவள் என்று பின்பக்கமாகத் திரும்பினேன். எப்படித் திரும்பினேன் என்று சொல்லத் தெரியவில்லை, கழுத்தைத் திருப்பவில்லை.

அங்கே ஒருத்தியும் இல்லை.

பயமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இடது காலில் ஓர் அட்டை ஏறி, கணுக்காலுக்கு மேலே கடித்துக் குடித்துக்கொண்டிருந்தது. அட்டை குடிப்பது தெரிந்தது. சாரல் விழுவது தெரிந்தது. கோபம் எரிவது தெரிந்தது. யாருக்குத் தெரிகிறது என்று கேட்டால் பதிலுக்கு ஆள் வரவில்லை. ஆனால் தெரிவது நிற்கவில்லை. அது என்றைக்கும் நின்றதில்லை என்பதும் அப்போதே தெரிந்தது. சிலேட்டை உடைத்தபோது இருந்ததும் அதுதான், தொட்டிலாட்டும்போது இருந்ததும் அதுதான். அதற்கு வயதோ பொட்டோ கிடையாது. யார் சம்மதமும் தேவையில்லை. ஐந்து நிமிஷமா, அரை மணி நேரமா, எனக்குத் தெரியாது. அட்டை குடித்து முடித்து, தானாகக் கழன்று விழுந்தது. பிறகு பசித்தது.

கவனியுங்கள், கோபம் போகவில்லை. பார்த்தால் போய்விடும் என்று அவர் சொன்னது தப்பு. இதைத்தான் அந்த நோட்டீஸ்காரர்களும் தப்பாகச் சொல்கிறார்கள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. இனி அது என்னைக் கடிக்காது என்பது மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என் முகத்தையே பார்த்தாள். “என்னட்டி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. போட்டுக் குடுத்துட்டாரா?”

“இல்ல.”

“பின்ன?”

“நானே போட்டுக்கிடுதேன்.”

அவர் புத்தகங்களில் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து வைத்தேன். இரண்டு தடவை வேறு தாளில் எழுதிப் பார்த்தேன். வாயால் சொல்லாத பெயரைக் கையால் எழுதுவது கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. வளைவு, இரண்டு கோடு, புள்ளி. அக்கா வாசல் கதவைச் சாத்திவிட்டு, கோமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். “அச்சு அசலா இருக்கு” என்றாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் பழைய கோர்ட்டு ஆள். என் வீட்டுக்காரர் எழுதிய நகல்கள் அவர் கையில் எத்தனையோ முறை போயிருக்கும். என் வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதும் அண்ணாச்சிக்குத் தெரியும். “காப்பியிஸ்ட் கையெழுத்து மாறவே இல்ல,” என்று மட்டும் சொல்லி, ஃபைலில் கோத்துக் கயிற்றை இறுக்கினார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு சில வருஷங்கள். ஓடைப் பாறையில் கண்டது ஏதோ அன்றைக்கே முடிந்த அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே தொலைந்துவிட்டது. பிறகு ஒருநாள் ரேஷன் வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்றவள் இடித்து, நான் வாய் திறக்கப் போகும் நேரத்தில் திரும்ப வந்தது. அதிகாரி எல்லார் முன்னாலும் தாளை என் மேசையில் வீசியபோது ஒருமுறை. மெஷினில் தட்டிக்கொண்டிருக்கும்போது பலமுறை. தேடிப் போனது கிடையாது. கோபம் வருகிற வாசல் வழியாகவே அதுவும் வந்தது. எனக்குத்தான் கோபம் நிறைய வருமே.

அறுபதுகளின் பின்பாதியில், ஒரு சாயங்காலம், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கோமதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. எட்டிப் பார்த்து, “யாரு வேணும் ஒங்களுக்கு?” என்று கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. பிறகு, “ஒங்க அம்மா இருக்காளா?” என்ற அந்த மெதுவான குரல்.

தாடியை எடுத்திருந்தார். சட்டை போட்டிருந்தார், கஞ்சி இல்லை. சாமியார் செத்துப் போய்விட்டாராம். தோப்பு யாருக்கு என்று, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஆட்களுக்குள் அடிதடி. ஒருவர் மண்டை உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பத்து வருஷம் உக்காந்தேன். ஒண்ணும் தெரியல.”

அப்போது எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. விட்டுவிட்டுப் போனதற்குக் கூட அவ்வளவு வரவில்லை. எங்கள் மூன்று பேரிடமிருந்து பத்து வருஷத்தைத் திருடிக்கொண்டு போனவர், அதைத் தின்று தீர்த்தாவது இருக்க வேண்டாமா? கிணற்றில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிறார். ஏதாவது கண்டேன் என்று சொல்லியிருந்தால் பாதியாவது மன்னித்திருப்பேன். அன்று சாமியார் சொன்னபடி ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால் ஒருவேளை அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும். நான் இல்லை, நான் இல்லை என்று சொல்லிக்கொண்டே அந்த நானுக்குப் பத்து வருஷம் கஞ்சி போட்டார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒனக்குக் கோபம் போகலியா?” என்றார்.

“போகல. இருக்கு. அது என்னைய ஒண்ணும் செய்யாது. ஒங்களைத்தான் செய்யும்.”

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவில்லை. இலை போட்டேன். சாப்பிட்டார். இருட்டுவதற்கு முன்னால் செங்கோட்டை பஸ் இருக்கிறது என்றேன். எழுந்து போனார். அண்ணன் வீட்டில் தங்கி, ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினார். அவ்வப்போது வருவார். கோமதி அவரிடம் மரியாதையாகப் பேசுவாள், ஊரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுகிற மாதிரி. அவள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இருந்தது. பிறகு செத்துப் போனார். அன்றைக்கு நான் அழுதேன். அழுவது யார் என்று பார்த்தேன். அதற்கும் ஆள் இல்லை. ஆனாலும் அழுதேன்.

இந்தக் கதையில் அவருடைய பாதியை ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது. ‘அந்த மனுஷன் வேலையை உதறிட்டு ஞானத்தைத் தேடிப் போனாரு’ என்று. என்னைப் பற்றிச் சொன்னால், ‘பாவம், தைரியமா நின்னா, ஆனா முன்கோபி’ என்பார்கள். பெண் ஒருத்தி உலையையும் ஆபீஸையும் பார்த்துக்கொண்டே தன்னையும் பார்த்துவிட்டாள் என்பது யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும் அந்த நோட்டீஸ்காரி மாதிரிச் சிரித்தால்தான் நம்புவார்கள்.

சரி, எல்லாம் அவர் தலையிலேயே போட்டாயிற்று. இனி என் பங்கு.

அவர் தோப்பிலிருந்து திரும்பி வந்ததற்கு மறுவருஷம். காலை நேரம். நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா என் சாப்பாட்டுத் தூக்குவாளியை மூடிக்கொண்டே, குனிந்தபடி கேட்டாள். “ஏட்டி, அன்னைக்குக் குத்தாலத்துலேர்ந்து வந்தியே, அங்கன நீ என்னமோ பாத்திருக்க. வந்ததுலேர்ந்து எனக்குத் தெரியும். அது என்னது?”

பத்து வருஷம் அந்தக் கேள்வியை மடியில் முடிந்து வைத்திருக்கிறாள். நான் நின்றேன்.

“எனக்கும் அது தெரியுமா?” என்றாள். தெரியக் கூடிய இடத்தில் அவளும் இருக்கிறாளா என்று கேட்கிறாள். பத்தொன்பது வயதிலிருந்து யாரும் எதுவும் கொடுக்காத, எதுவும் கேட்காத ஒருத்தி. என் மகளை வளர்த்தவள். எனக்கு ஓடைக்கரையில் கிடைத்ததற்கு, இங்கே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு காவல் நின்றவள். நாலு வார்த்தை போதும். உனக்கு இப்போது கேட்கிறதே, அந்தக் கேட்பது யார் என்று பார் அக்கா என்று உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

“பஸ்ஸுக்கு நேரமாயிட்டு. பொறவு சொல்லுதேன்,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். திரும்ப அவள் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொன்னால் சிரிப்பாளோ என்று ஒரு கூச்சம், அப்புறம் ஆபீஸ், அப்புறம் கோமதிக்குப் பரீட்சை. அந்த வருஷம் ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அக்கா இல்லை.

தோப்பு இப்போது லாட்ஜாகிவிட்டது. கோர்ட்டுக்குப் போகிற வழியே மாறிவிட்டது. கோபுரத்தை முழுசாகக் கட்டிவிட்டார்கள். டைப்ரைட்டர் இரும்புக்குப் போய் எவ்வளவோ காலம். போகட்டும். அதில் எதையும் நான் தேடவில்லை. நான் பார்த்ததைப் பார்க்கத் தயாராக, குனிந்த தலையோடு, ஒருத்தி என் அடுப்படியில் நின்றாள். ஒரே ஒரு காலை. அந்தக் கேள்வி அவளோடு போய்விட்டது.